மண்ணை எங்கே போடுவது

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் உங்களிடம் "எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்பார். "மேனேஜர்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் முழுசாகச் சொன்னேன். "கல்லறைத் தோட்டத்துல மேனேஜர்ங்க" என்றேன். ரசம் வருவதற்கு முன்பே அந்த மனிதர் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து, மேடையில் கூட்டமாக இருக்கிறது, போட்டோவுக்கு அவசரப்பட வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நானும் அவசரப்படவில்லை.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று கல்லறைத் தோட்டக் கமிட்டி கேட்டது. பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். குழி எவ்வளவு ஆழம், எந்தச் சபைக்கு எந்த வரிசை என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நிலைமை மாறிவிட்டது, பழையபடி செய்ய முடியாது என்பதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் லேசில் வராது. எனக்கு ஓய்வு பெறும்வரை சரியாக வரவில்லை.

இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்றால், இரட்டைத் தகுதி உண்டு. "நம்ம ஜனங்க மாறவே மாட்டாங்க" என்று கமிட்டிக் கூட்டங்களில் பல வருஷம் தலையில் அடித்துக்கொண்டவன் நான். என் முறை வந்தபோது அந்த ஜனங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடும்படி அடம்பிடித்தவனும் நான்தான். சந்தேகமிருந்தால் ஜெனிபரைக் கேளுங்கள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூரில் ஒரு பிளாட்டில் குடியிருக்கிறார். ஒரு வருஷம் அவரைக் கண்டாலே நான் வேறு தெருவில் திரும்பிக்கொண்டிருந்தேன். காரணம், ஆறடி இடம்.

அந்த இடம் எங்கள் தோட்டத்தில் ஏரிச் சுவரை ஒட்டிய கடைசி வரிசையில் இருக்கிறது. பக்கத்தில் என் மகள் ரீட்டா இருக்கிறாள். பிறந்த சில நாளிலேயே போய்விட்டவள். அதற்கப்புறம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அடுத்த இடத்தை எனக்கும், அதற்கு அடுத்ததை என் மனைவி பிலோமினாவுக்கும் என்று அப்போதே கேட்டு வாங்கி வைத்தேன். நான் எப்போது பார்த்தாலும் அங்கேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கமிட்டி எனக்கு வேலையே கொடுத்தது என்று பிலோ கிண்டல் செய்வாள். அது கிண்டல் மட்டுமில்லை, கிட்டத்தட்ட நடந்ததும் அதுதான். அந்த இரண்டு இடங்களும்தான் ஜெனிபருக்கு வேண்டியிருந்தன, வாய்க்கால் வெட்டுவதற்கு. நான் தர மாட்டேன் என்று நின்றேன். ஏன் நின்றேன் என்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ரீட்டாவை அங்கே வைத்த காலத்தில் ஏரித் தண்ணீர் எங்கள் சுவருக்கு வெகு தூரத்தில் நின்றது. எவ்வளவு வெட்டினாலும் மண் உலர்ந்து உதிரும். பிறகு ஏரிக்குப் போகிற கால்வாய்மேல் வீடுகள் வந்தன. வீடுகளுக்குத் தெரு வந்தது. தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயரம் கூடியது. போக வழியில்லாத தண்ணீரெல்லாம் எங்களிடம் வந்து தங்கியது. ஐப்பசி பிறந்தால் இரண்டு மண்வெட்டி ஆழத்திலேயே ஊற்று. கல்லறைத் திருநாளும் சரியாக அந்த மழைக்குள்தான் வருகிறது. பூவையும் மெழுகுவர்த்தியையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து வருவார்கள்.

ஜனங்கள் மாற மாட்டார்கள் என்று நான் சொல்லிவந்தது பொய். எல்லோரும் மாறினார்கள், ஆளுக்கு ஆள் தனித்தனியாக. ஒருவர் தன் அப்பாவின் கல்லறையைச் சுற்றி ஒரு வரி செங்கல் ஏற்றினார். அங்கே தேங்கிய தண்ணீர் பக்கத்துக் கல்லறைக்குப் போனது. அடுத்த வருஷம் பக்கத்துக்காரர் இரண்டு வரி ஏற்றினார். இவர் விடுவாரா, மூன்று வரி ஏற்றி மேலே டைல்ஸ் ஒட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை. ஆபீஸ் தரையை உயர்த்தினேன், கதவு திறக்காமல் போனது. கதவை அறுத்தேன். பிறகு ரீட்டாவைச் சுற்றியும் குட்டைச் சுவர்போல ஒரு செங்கல் கட்டை எழுப்பினேன். மொத்தத் தோட்டத்துக்கும் ஒரு வாய்க்கால் வெட்டலாம் என்று யாராவது சொன்னால், எல்லோரும் "நல்ல யோசனை" என்பார்கள். யார் கல்லறைக்குப் பக்கத்தில் வெட்டுவது என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

வாய்க்கால் ஆகாது என்று ஆனதும் கமிட்டி அடுக்கு கட்டியது. ரோட்டோர மேட்டில் சிமெண்ட் சுவர்போல உயரமாக, அறை அறையாக. பெட்டியை உள்ளே தள்ளி, வாயைப் பலகைக் கல்லால் மூடிப் பெயர் எழுதிவிடலாம். தண்ணீர் தொடாது, இடமும் மிச்சம். இதை ஜனங்களுக்கு விளக்கும் பொறுப்பு எனக்கு. காலி ஷூ டப்பாக்களை ஒட்டி ஒரு மாடல் செய்தேன். பெரிய அட்டையில் படம் வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களை மடக்கி நிறுத்தி விளக்கினேன்.

மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியம் என்பவர் மாடலைக் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பேங்க் லாக்கர் மாரி கீது. சாவி யார் கையில இருக்கும்?"

"சாவியெல்லாம் கிடையாதுங்க."

"அப்ப தெறக்கணும்னா?"

"திறக்க வேண்டிய அவசியமே வராது."

"கடைசி நாள்ல எல்லாரும் எழுந்து வருவோம்னு உள்ள இப்பதான் படிச்சாங்க. அப்ப எப்டி சார், உள்ள இருந்து தட்டணுமா?"

பக்கத்தில் நின்ற ஃபாதர் இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்று இரவு எழுதிய அறிக்கையில் "மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை" என்று எழுதினேன். நமக்குப் பதில் தெரியாத இடத்தில் இந்த வாக்கியம் அழகாக உட்காரும். நீங்களும் ஒருநாள் எழுதுவீர்கள்.

அடுக்கு வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது. காவலாளி தன் குடைக்கும் சாப்பாட்டுத் தூக்குக்கும் ஓர் அறையை எடுத்துக்கொண்டார். கீழ்த்தட்டில் ஒரு நாய் குட்டி போட்டது. "அடுக்குல மொதக் குடித்தனம் வந்துடுச்சு சார்" என்று காவலாளி வந்து சொன்னார். அதையும் அறிக்கையில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

ஒரு கார்த்திகை மாத மழையில் அதே ஆரோக்கியத்தின் அம்மா இறந்துபோனார். சேக்காட்டில் வீடு. ஆரோக்கியத்துக்கு ஒரே தங்கை, ஸ்டெல்லா, அவரும் அங்கேதான். மத்தியானம் அடக்கம். காலையில் வெட்டிய குழியில் தண்ணீர் நிறைந்துவிட்டது. டீசல் மோட்டார் போட்டு இறைத்தோம். மோட்டார் இறைக்க இறைக்க, ஊற்று நிரப்ப நிரப்ப, இரண்டுக்கும் போட்டி. மேட்டு வரிசைகளில் ஒரு சாண் இடமில்லை. அமரர் ஊர்தி வந்து நின்றது. சொந்தக்காரர்கள் குடையோடு குழியைச் சுற்றி நின்றார்கள்.

இந்த நேரத்தில் மேனேஜர் முகத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மழை நின்றதும் வைத்துக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் மழை நிற்கும் என்று யார் சொன்னது. மூடிமேல் கருங்கல்லை ஏற்றி அப்படியே தண்ணீரில் இறக்கலாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்படி நாங்கள் சிலருக்குச் செய்திருக்கிறோம். இல்லையென்றால் அடுக்கு.

"கல்லு வெச்சு எறக்குங்க சார்" என்றார் ஆரோக்கியம்.

"அம்மாவ தண்ணில போடுவியா?" என்று ஸ்டெல்லா கேட்டார். "உசுரோட இருக்கச் சொல்ல ஈரத்துல நடந்தாலே அதுக்கு இழுப்பு வரும். நீ அத தண்ணில போடுவியா?"

"அதுக்காக சுவத்துல சொருவ சொல்றியா? எங்கம்மா இன்னா பழைய பேப்பரா?"

நான் இடையில் புகுந்தேன். புகுந்து, நியாயமாக ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில், கையிலிருந்த அட்டையைப் பிரித்தேன். ஆமாம், மழையில் அதையும் கொண்டு வந்திருந்தேன். நிலத்தடி நீர்மட்டம் என்று ஆரம்பித்து, குழியைச் சுட்டிக்காட்டுவதற்காக ஒரு காலைப் பின்னால் வைத்தேன். பின்னால் தரை இல்லை.

குழிக்குள் விழுந்தேன். தண்ணீர் மார்பு வரை இருந்தது. மூக்கு, வாய், கண்ணாடி எல்லாவற்றிலும் சேறு. மேலே மோட்டாரும் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. ஆரோக்கியமும் இன்னும் இரண்டு பேரும் கை கொடுத்து இழுத்தார்கள், இரண்டு முறை வழுக்கி மறுபடி உள்ளே போனேன். மூன்றாவது முறை வெளியே வந்ததும் ஸ்டெல்லா என்னைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு முந்தி நீங்க போய்ட்டீங்களே சார்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே உடைந்து அழுதார். காலையிலிருந்து அவர் அழவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

குளிரில் எனக்குப் பல் கிட்டியது. ஊர்தியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து யாரோ எனக்குப் போர்த்தி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தாமதமாக வந்த உறவினர் ஒருவர் மாலையோடு என்னெதிரே வந்து, யாருக்குப் போடுவது என்று ஒரு கணம் தயங்கினார். என் படமும் அட்டையும் குழிக்குள் கரைந்துகொண்டிருந்தன. சொல்வதற்குக் கையில் ஒன்றுமில்லாததால்தான் நான் கேட்டேன். ஞானம் பிறந்து கேட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"ஆரோக்கியம், அடுக்குல உங்களுக்கு என்னதான் ஆகாது?"

அவர் எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "எங்கப்பா செத்தப்ப நான் ரொம்பப் பொடிசு சார். மாமா என்னத் தூக்கி வெச்சிகினு, கையில மண்ணக் குடுத்து போடுறா நைனான்னாரு. எங்கப்பா மொகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல. அந்த மண்ணுதான் ஞாபகம் கீது. எங்கம்மாவுக்கு நான் மண்ணு எங்க சார் போடுறது? சிமெண்ட் சுவத்து மேலயா வீசுறது?"

தண்ணீருக்கு என்னிடம் பதில் இருந்தது. இடநெருக்கடிக்கு, வாடைக்கு, விரிசலுக்கு, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். எங்கள் ஆட்களில் கத்தோலிக்கரோ பிராட்டஸ்டண்ட்டோ, யாராக இருந்தாலும் கடைசியில் செய்வது அந்த ஒரு கைப்பிடி மண் போடுவதைத்தான். பிள்ளை போடுவான், மருமகள் போடுவாள், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த தம்பியும் வந்து போடுவான். அதைப் போட்டதும்தான் முடிந்தது என்று மனசு ஒத்துக்கொள்ளும். ஆயிரம் அடக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த மண்ணை அடுக்கில் எங்கே போடுவது என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல இடம் கொடுக்கவில்லையே, படம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியலப்பா" என்றேன். அந்த வேலையில் நான் சொன்ன முதல் உருப்படியான பதில் அது.

அப்புறம் அண்ணனும் தங்கையுமே பேசிக்கொண்டார்கள். பெட்டி உள்ளே போனதும் அதன்மேலேயே போட்டால் என்ன என்றார் ஸ்டெல்லா. எந்த மண், இங்கே எல்லாம் சேறு என்றார் ஆரோக்கியம்.

"அம்மா ரோஜாத் தொட்டி படிக்கட்டுக்கு அடியிலதான கீது" என்றார் ஸ்டெல்லா. "அது நனைஞ்சிருக்காது."

ஆரோக்கியம் பைக்கை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்குப் போனார். பெயிண்ட் பக்கெட்டில் வளர்த்த ரோஜாச் செடியைப் பின்னால் உட்கார்ந்த மச்சான் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தார். மண் உலர்ந்து கிடந்தது. பெட்டியை அறைக்குள் தள்ளினோம். ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்து உள்ளே மூடிமேல் போட்டார்கள். ஆரோக்கியம் போடும்போது கையை ரொம்ப நேரம் உள்ளேயே வைத்திருந்தார். ஸ்டெல்லா எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். வெள்ளைத் துணியோடு எழுந்துபோய் நானும் போட்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை நான் "நாம் ஒரு மாற்று ஏற்பாடு செய்தோம்" என்று தொடங்கி விவரித்தேன். குழியில் விழுந்த பகுதியை நேரமின்மை காரணமாக விட்டுவிட்டேன். பாராட்டித் தீர்மானம் போட்டார்கள்.

அதன்பின் அடுக்கு நிரம்ப ஆரம்பித்தது. நாய்க்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. கொஞ்ச வருஷத்தில் ரோஜாத் தொட்டி மண் என்பதே ஒரு முறையாகிவிட்டது. தொட்டியில் கற்றாழை வளர்த்த குடும்பத்தை மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஐடி வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து பிளாட்டில் இருக்கும் ஒரு பையன், செடி எதுவும் இல்லாமல், பூந்தமல்லிப் பக்கம் நர்சரியில் ஒரு பை மண் வாங்கி வந்தான். அவனோடு வந்த ஓர் அம்மா, கடை மண் ஆகாது, இறந்தவர் கைபட்ட தொட்டி மண்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "அப்படி ஒண்ணும் இல்லம்மா, இது என் கண்ணெதிர்லதான் ஆரம்பிச்சது" என்றேன்.

"உங்களுக்கு இன்னா தெரியும் சார்" என்றார் அந்த அம்மா. "இது காலங்காலமா நடந்துகினு வர்றது."

புதுசு என்பதால் யாரும் வெறுப்பதில்லை என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. தன் கையை வைக்க இடமில்லாத புதுசைத்தான் வெறுக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டால் அதையே பழசாக்கிக்கொண்டு, அடுத்து வருகிறவனோடு சண்டைக்கு நிற்பார்கள். இவ்வளவும் புரிந்துகொண்டு, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று, கள்ளிக்குப்பத்து வீட்டில் ஈஸிசேரில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெனிபர் வந்தார்.

ஏரிச் சுவரில் பழைய மதகு ஒன்று இருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். அதைத் திறந்து வெளிக்கால்வாயோடு சேர்த்துவிட்டால் கீழ் வரிசைகளில் தண்ணீர் நிற்காது. மதகுக்கு நேராக இருக்கும் காலி இடம் எங்களுடையது மட்டும்தான். மற்ற பக்கமெல்லாம் கல்லறைகள்.

"சார், நீங்க ரெண்டு பேரும் மனசு வைக்கணும்" என்றார். "மழைக்கு முன்னாடி வெட்டிடலாம். உங்களுக்கு மேல அடுக்குல பக்கத்துப் பக்கத்துல இடம் ஒதுக்கிடறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சீக்கிரமே ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்றேன். இதைவிடப் பெரிய மழையெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றேன். வருஷத்தில் நாலு வாரத் தண்ணீருக்காகவா என்றேன். மேலிடத்திலிருந்து எழுத்தில் வரட்டும் என்றேன். மேனேஜர் நாற்காலியில் நான் உட்கார்ந்து பிறரிடம் கேட்டு அலுத்த ஒவ்வொரு சாக்கும் என் வாயிலிருந்து ஒன்று விடாமல் வந்தது. சொல்லும்போது எல்லாம் நல்ல காரணங்களாகவே தெரிந்தன. டீ கொடுத்து அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது டீகூடக் கொடுக்கவில்லை. அந்த வருஷ மழைக்கு வாய்க்கால் வெட்டவில்லை. கல்லறைத் திருநாளன்று வழக்கம்போலத் தண்ணீருக்குள் நின்று, நான் கட்டிய செங்கல் கட்டைமேல் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். பிலோ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூரத்தில் நின்றாள். திருநாளன்று மட்டும்தான் அவள் தோட்டத்துக்கு வருவாள், மண் உலர்ந்திருந்த ஆரம்ப வருஷங்களில் அதற்கும் மனசு வரவில்லை.

இந்த ஆவணியில் ஒருநாள் பிலோ வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"என் எடத்த அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டேன்."

"என்கிட்ட கேக்காமலா?"

"உங்களாண்ட கேட்டா படம் போட்டு வெளக்குவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. நீ மேலே அடுக்கில் இரு, நான் கீழேயே இருந்துகொள்கிறேன் என்று கத்தினேன். இருங்க, மெதந்துகினே இருங்க என்றாள். சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்து ஆய்ந்தாள். அப்புறம்தான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"அவ பக்கத்துல யாராச்சும் இருக்க வேணாமா பிலோ?" என்றேன். "அவ்ளோ சின்னது. தனியா எப்டி விடறது?"

இத்தனை வருஷத்தில் நான் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜெனிபரிடம் ஏரியைப் பற்றிப் பேசினேன், மதகைப் பற்றிப் பேசினேன், இதைச் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

பிலோ கையைக் கழுவிக்கொண்டு வந்து என்னெதிரே நின்றாள்.

"நீங்க கட்டி வெச்சீங்களே கட்டை, அது தண்ணிய உள்ள வராம தடுக்கல. உள்ள வந்தத வெளிய உடாம புடிச்சி வெச்சிகினு கீது. அது தெரியுமா உங்களுக்கு? நான் ஒவ்வொரு வருஷமும் பாத்துகினுதான் கீறேன். பக்கத்துல இருக்கணும் பக்கத்துல இருக்கணும்னு சொல்லிகினு, என் கொழந்தய தண்ணிலயே வெச்சிகினு கீறீங்க. செத்தப்புறம் பக்கத்துல இருக்கறது அப்பால பாத்துக்கலாம். இப்ப உசுரோட கீறோமே, ஒரு நாள், ஒரு கல்லறைத் திருநாளு, அவளாண்ட என்னால ஒக்கார முடிஞ்சிச்சா?"

தண்ணீர் எப்படி வரும், எங்கே தேங்கும், எதனால் வடியாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். என் மகளைச் சுற்றி ஒரு தொட்டி கட்டி வைத்திருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிலோ என் போனை எடுத்து ஜெனிபரின் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு மீனைக் கவனிக்கப் போய்விட்டாள்.

ஜெனிபர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. "ரொம்ப நன்றி சார், நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிடலாமா?" என்று மட்டும் கேட்டார். நீங்களும் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒருவர் கடைசியில் இறங்கி வரும்போது, அவர் எவ்வளவு நேரம் படியில் நின்றார் என்று கணக்குச் சொல்லாதீர்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இருந்ததில்லை. ஆரோக்கியத்திடம்கூட, அடக்கம் முடிந்து போகும்போது, "நான் அப்பவே சொன்னேன் பாத்தீங்களா" என்று சொல்லி அனுப்பியவன் நான்.

மழைக்கு முன்பு வாய்க்கால் வெட்டி முடிந்தது. நான் படுக்க வேண்டிய இடத்தில் இப்போது சிமெண்ட் பூசிய பள்ளம் இருக்கிறது. வேலை நடந்தபோது பார்க்கப் போனேன். மேஸ்திரி யாரென்று தெரியாமல், "ஓரமா நில்லு பெருசு, உள்ள உழுந்துடப் போற" என்றார். அனுபவம் இருக்கிறது என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. ரீட்டாவைச் சுற்றியிருந்த செங்கல் கட்டையை நானே கேட்டு இடிக்கச் சொன்னேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் முழுக்க மழை. காலையில் பிலோவும் நானும் ஆட்டோவில் போய் இறங்கினோம். நான் பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். கடைசி வரிசை வரை செருப்பு மட்டுமே நனைந்தது. மண் ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. வாய்க்காலில் ஓடும் சத்தம் கேட்டது.

பிலோ பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துப் போட்டு, ரீட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூவை வைத்தாள். கையை மண்மேல் வைத்துக்கொண்டு ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. ரீட்டா பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், பிலோ வெளியே நின்றுதான் பார்த்தாள். மகளுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்.